கணினியில் நாடக மேடை அமைக்கக் கற்பித்தல்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாடக மேடைக்குக் காட்சியமைப்பு செய்யக் கணினி வழியே கற்பிக்கத் தொடங்கும் ஆசிரியர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இதுவரை எதையும் வடிவமைக்காத, கணினியில் கடிதம் தட்டச்சு செய்ததைத் தவிர வேறெதுவும் பழகாத மாணவர்களை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

முதல் வகுப்பிலேயே கணினியைத் திறக்கலாமா?

வேண்டாம். முதல் வகுப்புக்கு ஒட்டுநாடா, அளவு நாடா, நான்கு நாற்காலிகள் போதும். தரையில் 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் ஓர் அறையை நாடாவால் ஒட்டச் சொல்லுங்கள். 90 சென்டிமீட்டரில் ஒரு வாசல். மூன்று நாற்காலிகளைச் சேர்த்தால் கட்டில், மீதி ஒன்று மேசை. ஒருவர் கட்டிலில் படுத்திருக்கிறார்; இன்னொருவர் வாசல் வழியாக வந்து எழுப்புகிறார்; சண்டை வருகிறது; ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறுகிறார். வசனம் தேவையில்லை. கட்டில் வாசலை ஒட்டிக் கிடந்தால் வருகிறவர் முட்டிக்கொள்கிறார். மேசை முன்னால் இருந்தால் சண்டையில் பாதி மறைந்துபோகிறது. நாற்காலியை இரண்டடி நகர்த்தினால் காட்சியே வேறாகிறது. இவ்வளவையும் அரை மணி நேரத்தில் மாணவர்கள் தங்கள் முழங்கால்களால் கற்றுக்கொள்வார்கள்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், கணினித் திரைக்கு அளவே கிடையாது. சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் அரண்மனை தீப்பெட்டியாகிவிடும், தீப்பெட்டி அரண்மனையாகிவிடும். உடம்பால் ஒருமுறை 4 மீட்டரை நடந்து பார்த்த மாணவருக்குத்தான் திரையில் தெரியும் ‘4.00’ என்ற எண்ணுக்குப் பொருள் இருக்கும்.

எந்த மென்பொருளில் தொடங்குவது?

ஸ்கெட்ச்அப். 2000-இல் வெளிவந்தது, 2006-இல் கூகுள் வாங்கியது, 2012-இல் டிரிம்பிள் நிறுவனத்திடம் போனது. இத்தனை கை மாறியும் அதன் அடிப்படை மாறவில்லை: தரையில் ஒரு கட்டம் வரைந்து, அதைப் பிடித்து மேலே இழுத்தால் பெட்டி. முதல் மணி நேரத்திலேயே மாணவர் ஒரு சுவரை எழுப்பிவிடுவார். அந்த மகிழ்ச்சி அடுத்த மூன்று வாரச் சலிப்பைத் தாங்கும். உலாவியிலேயே இயங்கும் இலவசப் பதிப்பும் இருக்கிறது. வகுப்பறைப் பயன்பாட்டுக்கு எந்த உரிமம் பொருந்தும் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

பிளெண்டர் முழுக்க இலவசம். 2002-இல் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதன் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள். ஒளி, நிழல், துணியின் மடிப்பு போன்றவற்றில் அதன் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் புதியவர் அதில் முதல் இரண்டு வாரமும் பொத்தான் தேடியே களைத்துப்போவார். ஆட்டோகேட் 1982 முதல் இருக்கும் பழைய குதிரை; துல்லியமான வரைபடத்துக்கு நல்லது, யோசிப்பதற்கு அவ்வளவு உகந்ததில்லை. நாடகத் தொழிலில் இருப்பவர்கள் நாடிப் போகும் வெக்டர்வொர்க்ஸின் ஸ்பாட்லைட் பதிப்பை இரண்டாம் ஆண்டில் காட்டலாம்.

ஒளிப் பயிற்சி ஒன்றைத் தவிர, முதல் பருவம் முழுக்க ஒரே மென்பொருள். எது சிறந்தது என்ற சர்ச்சை ஆசிரியர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. மாணவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

எத்தனை கட்டளைகளைச் சொல்லித்தர வேண்டும்?

முதல் மாதத்துக்கு எட்டு. கோடு, கட்டம், இழுப்பு, நகர்த்தல், நகலெடுத்தல், அளத்தல், குழுவாக்குதல், சுழற்றிப் பார்த்தல். ஒன்பதாவது கட்டளையை யாராவது கேட்டால், எதற்குத் தேவை என்று விசாரியுங்கள். பெரும்பாலும் வளைந்த கூரை வேண்டும் என்பார்கள். நாடகத்தில் அந்தக் கூரைக்கு என்ன வேலை என்று அடுத்துக் கேளுங்கள்.

கையால் வரையவே வராத மாணவரை என்ன செய்வது?

அவர்களுக்குக் கணினி நல்ல நண்பன். ஆனாலும் பென்சிலை முற்றாக விட்டுவிட அனுமதிக்காதீர்கள். உள்ளங்கை அளவுத் தாளில், ஆளுக்கு ஒரு குச்சி மனிதனோடு, பத்துக் கிறுக்கல்கள் கேளுங்கள். அழகு தேவையில்லை. ஆள் எங்கே நிற்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கம், பெரிய இருட்டு எங்கே என்று தெரிந்தால் போதும். பத்து யோசனைகளைப் பென்சிலால் அரை மணியில் கொட்டலாம். மென்பொருளில் அதே நேரத்தில் ஒரு யோசனைதான் பிறக்கும். அரை மணி உழைத்துவிட்டதாலேயே அதைக் கைவிடவும் மனம் வராது.

அளவு விகிதம் என்றாலே மாணவர்கள் குழம்புகிறார்கள். எப்படி விளக்குவது?

குழப்பம் இரண்டு இடங்களில் வருகிறது. கணினிக்குள் எல்லாவற்றையும் உண்மை அளவிலேயே வரைய வேண்டும் என்பது முதலாவது. 2 மீட்டர் கதவென்றால் 2 மீட்டர் என்றே தட்டச்சு செய்ய வேண்டும். சுருக்குவது தாளில் அச்சிடும்போது மட்டும். தாளில் வரைந்து பழகியவர்கள்தான் இதில் தடுமாறுவார்கள்: கணினிக்குள்ளேயே 25-ஆல் வகுத்துவிட்டு, அச்சிடும்போது இன்னொரு முறை வகுப்பார்கள்.

அச்சில் எந்த விகிதம் என்பது இரண்டாவது. மீட்டர் முறையில், மேடையை மேலிருந்து பார்ப்பதுபோல வரையும் தரைப்படத்துக்கு 1:50, அட்டை மாதிரிக்கு 1:25 என்பது பரவலான வழக்கம். 10 மீட்டர் அகல மேடை முதலாவதில் 20 சென்டிமீட்டராகவும் இரண்டாவதில் 40 சென்டிமீட்டராகவும் வரும். அடி, அங்குலக் கணக்கில் பழகியவர்கள் அரை அங்குலத்துக்கு ஓரடி என்று 1:24-இல் செய்வார்கள். 1:25 மாதிரியில் 1.70 மீட்டர் மனிதர் 6.8 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பார். அதாவது உங்கள் சுட்டுவிரலுக்குக் கொஞ்சம் குறைய.

கோப்பை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது மில்லிமீட்டரை அங்குலமாக எடுத்துக்கொள்ளும் கோளாறு வரும். எல்லாம் 25.4 மடங்கு வீங்கிவிடும். 2 மீட்டர் கதவு 50.8 மீட்டர் கோபுரமாகும். திரைக்கு அளவில்லாததால் இது கண்ணில் படாது. எனவே என் வகுப்பில் ஒரு சட்டம்: எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் கதவை அள.

வெற்று மேடையை அளந்து கணினியில் ஏற்றுவது எப்படி?

மாணவர்களையே அளக்கவிடுங்கள். லேசர் அளவி இருந்தால் வேலை எளிது. இல்லையென்றால் நாடாவும் இரண்டு பேரும். மேடையின் நடுக்கோடு, திரை திறக்கும் மேடை வாயின் கோடு என்ற இரண்டையும் தரையில் குறித்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் அவற்றிலிருந்தே அளக்க வேண்டும். கணினியிலும் அந்த இரண்டும் வெட்டும் புள்ளியையே தொடக்கப் புள்ளியாக வையுங்கள். பின்னர் ஐந்து மாணவர்களின் கோப்புகளை ஒன்றாக்கும்போது எல்லாம் தாமாகவே பொருந்தும்.

மேடை செவ்வகம் என்று நம்பிவிடக் கூடாது. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சமமாக வராவிட்டால் ஏதோ ஒரு மூலை கோணல். பழைய கட்டடங்களில் அது சமமாக வந்தால்தான் வியப்பு. கைபேசியால் வருடி முப்பரிமாண உருவம் எடுக்கும் செயலிகளும் இருக்கின்றன. நினைவூட்டலுக்கு அவை நன்று. தச்சர் மரம் அறுக்கப் போகும் அளவை அவற்றிடம் ஒப்படைக்க மாட்டேன்.

உயரத்தை எல்லோரும் மறப்பார்கள். மேலே விளக்குகள் தொங்கும் குழாய்கள் எவ்வளவு உயரத்தில், எத்தனை, முன்னும் பின்னும் எவ்வளவு இடைவெளி, எது அசையும், எது அசையாது என்பதையெல்லாம் அளந்து வரவில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வலம், இடம் என்பது மேடையில் நின்று பார்வையாளரை நோக்கும் நடிகரின் வலமும் இடமும்தான். தரைப்படத்தில் பார்வையாளர்கள் தாளின் அடிப்பக்கம் இருப்பதால், நடிகரின் இடப்பக்கம் தாளின் வலப்பக்கத்தில் வரும். ஒரு பருவம் முழுக்க இதை மாற்றி எழுதுகிறவர் வகுப்புக்கு ஒருவராவது இருப்பார். பெரிய எழுத்தில் படத்திலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

திரையில் அருமையாகத் தெரிந்த காட்சியமைப்பு மேடையில் சப்பென்று ஆகிவிடுகிறதே, ஏன்?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இது. காரணம் சுழற்றிப் பார்க்கும் அந்தக் கட்டளை. மாணவர் தன் மேடையை வானத்திலிருந்து பார்க்கிறார், சுவருக்குள் நுழைந்து பார்க்கிறார், பறவையைப் போல வட்டமிட்டுப் பார்க்கிறார். மூன்று வாரம் அப்படிப் பறந்துகொண்டே வடிவமைக்கிறார். பார்க்க வருகிறவரோ ஒரே நாற்காலியில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பார். மேலிருந்து பார்த்தபோது கண்ணைப் பறித்த தரை ஓவியம் அவருக்குத் தெரியவே தெரியாது. முன்வரிசையில் இருப்பவருக்கோ மேடைத் தரை என்பது ஒரு கோடு.

வானத்திலிருந்து அவர்களை இறக்கி நாற்காலியில் உட்காரவைப்பதுதான் ஆசிரியரின் பாதி வேலை. அரங்கில் நான்கு இருக்கைகளைத் தேர்ந்தெடுங்கள்: முன்வரிசை நடு, முன்வரிசையின் ஓரம், கடைசி வரிசை நடு, மாடம் இருந்தால் அதன் ஓரம். ஒவ்வொன்றிலும் கேமராவை நிறுத்திக் காட்சியாகச் சேமித்துவிடுங்கள். ஸ்கெட்ச்அப்பில் கேமராவை நிறுத்தும் கருவி ஏறக்குறைய 1.68 மீட்டர் உயரத்தில் கண்ணை வைக்கும். அது நிற்கும் மனிதரின் கண். அதை 1.15 மீட்டருக்கு இறக்குங்கள். உட்கார்ந்திருப்பவருக்கு அதுதான் சரி. அதன் பிறகு நான் ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறேன்: வகுப்பில் யாரும் தம் வடிவமைப்பை எனக்குக் காட்டும்போது அந்த நான்கு காட்சிகளிலிருந்து மட்டுமே காட்ட வேண்டும். முதல் நாள் வகுப்பே முகம் சுளிக்கும். “சார், அந்தப் பக்கம் திருப்பினால் நன்றாக இருக்கும்” என்பார்கள். பார்வையாளரை யார் திருப்புவது?

கேமராவின் பார்வைக் கோணமும் ஏமாற்றும். சிறிய அறை முழுவதும் திரைக்குள் அடங்கவில்லை என்று கோணத்தை விரிப்பார்கள்; அறை மண்டபம்போலத் தெரியும். 10 மீட்டர் அகல மேடை வாயை 20 மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும்போது அது கண்ணில் சுமார் 28 டிகிரிதான் அடைக்கிறது. ஸ்கெட்ச்அப்பில் தொடக்கத்தில் இருப்பது 35 டிகிரி. அதற்கு மேல் விரிக்கத் தடை போடுங்கள்.

ஒரே இருக்கைக்காக மேடையையே வரைந்த காலமும் உண்டு. இத்தாலியர் செர்லியோ 1545-இல் வெளியிட்ட நூலில் தெருக்களை ஆழமாகக் காட்டும் தொலைநோக்கு மேடைக்கு முறை வகுத்தார். அந்த வழிவந்த அரசவை மேடைகளில் கோடுகள் அனைத்தும் மன்னர் அமரும் இடத்திலிருந்து பார்த்தால்தான் துல்லியமாகக் கூடும். மற்றவர்கள் கோணலாகவே பார்த்தார்கள். இன்று நம் மாணவர்கள் தங்களை அறியாமலே அதைத்தான் செய்கிறார்கள். மன்னரின் இடத்தில் மடிக்கணினித் திரை இருக்கிறது, அவ்வளவே.

பார்வைக்கோடுகளை எப்படிச் சொல்லித்தருவது?

ஒரு நூல் பந்தோடு தொடங்கலாம். ஓரத்து இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, அவர் கண்ணிலிருந்து மேடை வாயின் விளிம்பை உரசியபடி பின்சுவர் வரை நூலை இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கு வெளியே இருப்பது அவருக்குத் தெரியாது. மறுபக்க விளிம்பை உரசியும் ஒரு நூல் கட்டினால், எந்தப் பக்கத் திரையின் இடுக்கு வழியாக ஓய்வெடுக்கும் நடிகர்கள் தெரிவார்கள் என்பது புலப்படும். பிறகு அதே நூல்களைத் தரைப்படத்தில் கோடுகளாக வரையச் சொல்லுங்கள். மேடையை நெடுக வெட்டிப் பக்கவாட்டிலிருந்து காட்டும் வெட்டுப்படத்திலும் அதே வேலைதான்: முன்வரிசைக் கண்ணிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு. மேலே குறுக்காகத் தொங்கும் துணி போதுமான அளவு கீழே இறங்காவிட்டால் விளக்குகளின் வயிறு தெரியும்.

அறைக் காட்சிகளில் பக்கச் சுவர்களைச் சற்றே விரித்து, முன்னால் அகலமாகவும் பின்னால் ஒடுக்கமாகவும் வைப்பது ஏன் என்று இதற்குப் பிறகு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. பக்கச் சுவரில் இருக்கும் கதவின் கீல் பின்பக்கத்தில், கதவு வெளிப்புறமாகத் திறக்குமாறு வைக்கும் வழக்கமும் இதே காரணத்தால் வந்ததுதான்.

மாணவர்களின் கோப்புகள் குப்பைக் கிடங்காக இருக்கின்றன. என்ன செய்யலாம்?

ஒவ்வொரு பொருளையும் வரைந்த உடனே குழுவாக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்துங்கள். இல்லையென்றால் ஸ்கெட்ச்அப்பில் சுவரும் தரையும் ஒட்டிக்கொள்ளும். நாற்காலியை நகர்த்தினால் தரையும் சேர்ந்து இழுபடும். ஒரே மாதிரியான பன்னிரண்டு தூண்கள் என்றால் ஒன்றைச் செய்து, ஒன்றைத் திருத்தினால் எல்லாம் திருந்தும்படி நகலெடுக்க வேண்டும். அரங்கக் கட்டடம், துணிகள், காட்சியமைப்பு, மேசை நாற்காலிகள், மனிதர்கள் என்று ஐந்து அடுக்குகள் போதும். கோப்பின் பெயரில் தேதி. ‘கடைசி’, ‘கடைசி புதியது’, ‘உண்மையான கடைசி’ என்று பெயரிட்ட மூன்று கோப்புகளில் எது சரியானது என்று தெரியாமல் ஒத்திகைக்கு முந்தைய இரவு நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கோப்புகளை மாணவர் உருவாக்கவில்லை, நான்தான்.

இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் நாற்காலி, கட்டில்களைப் பயன்படுத்தலாமா?

முதல் ஆறு வாரம் கூடாது. பதிவிறக்கிய நாற்காலியில் திருகாணியின் மரைகூட வடிக்கப்பட்டிருக்கும்; கணினி மூச்சுத் திணறும். அதைவிட மோசமாக, மாணவர் ‘என்ன நாற்காலி’ என்று யோசிப்பதையே நிறுத்திவிடுவார். முதலில் எல்லாம் வெறும் பெட்டிகளாக இருக்கட்டும்: இருக்கை உயரம் 45 சென்டிமீட்டர், மேசை 75. பெட்டிகளை வைத்தே காட்சி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பிறகு அலங்கரிக்கலாம்.

மனித உருவம் மட்டும் விதிவிலக்கு. மனிதர் இல்லாத படத்தை நான் பார்ப்பதே இல்லை. ஒரு மாணவி பத்து நாள் உழைத்து அமைத்த ராணியின் அறையில், நான் கேட்டதற்காக ஒரு மனித உருவத்தை வைத்தார். சன்னலின் அடிவிளிம்பு அந்த உருவத்தின் தலைக்கு மேலே இருந்தது. ராணி சன்னலில் சாய்ந்து அழ வேண்டிய நாடகம் அது.

சுவர்களுக்கு எடை உண்டு என்பதை எப்படிப் புரியவைப்பது?

மென்பொருளில் சுவரை ஒற்றை விரலால் நகர்த்தலாம். மெய்யான 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று, 1220-க்கு 2440 மில்லிமீட்டர், 30 கிலோவை ஒட்டி இருக்கும். ஒரு பலகையைக் கொண்டுவந்து வகுப்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தூக்கிப்போகச் சொல்லுங்கள். இருட்டில், சத்தமில்லாமல், பதினைந்து விநாடியில். காட்சி மாற்றம் என்றால் என்னவென்று அன்றைக்கு விளங்கிவிடும்.

ஆங்கிலேய மேடை வடிவமைப்பாளர் எட்வர்டு கோர்டன் கிரெய்க், மாஸ்கோ கலை அரங்கின் 1912 ஹாம்லெட் தயாரிப்புக்காக நகரும் உயரத் தட்டிகளை வடிவமைத்தார். சிறு மாதிரியில் அவை விரும்பியபடி சறுக்கின. மேடையிலோ, தொடக்க நாளை ஒட்டி அவை சீட்டுக்கட்டுபோலச் சரிந்தன என்று அந்த அரங்கின் இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி எழுதினார்; அப்படி நடக்கவில்லை என்று கிரெய்க் மறுத்தார். யார் சொன்னது சரியோ, மாதிரியும் மேடையும் வேறு வேறு என்ற சண்டை கணினிக்கு முந்தியது என்பதற்கு இந்தக் கதையை வகுப்பில் சொல்லுவேன்.

ஒளியைக் கணினியில் காட்டக் கற்றுத்தர வேண்டுமா?

வேண்டும், ஆனால் தாமதமாக. மென்பொருள் தானாகத் தருவது சூரிய வெளிச்சம். எல்லா இடத்திலும் ஒரே சீராக விழும். நாடக மேடையில் சூரியன் கிடையாது. அதை அணைத்துவிட்டு, முழு இருட்டில் தொடங்குங்கள். மூன்றே விளக்குகளுக்கு அனுமதி: முன்னால் மேலிருந்து 45 டிகிரியில் ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றிப் படமெடுத்து ஒட்டச் சொல்லுங்கள். பின்விளக்கு மட்டும் எரியும்போது நடிகர் சுவரிலிருந்து பிரிந்து நிற்பதைப் பார்த்து மாணவர்கள் வியப்பார்கள். இந்தப் பயிற்சிக்குத்தான் பிளெண்டரைத் திறப்பேன்.

சுவிட்சர்லாந்து மேடை வடிவமைப்பாளர் அடோல்ஃப் ஆப்பியாவின் கருப்பு வெள்ளை வரைபடங்களை இந்தச் சமயத்தில் காட்டுவது நல்லது. வரைந்து தொங்கவிட்ட தட்டைத் திரையும் முப்பரிமாண நடிகரும் ஒட்டாது. படிகளும் தளங்களும் ஒளியும்தான் நடிகருக்குத் துணை என்று அவர் வாதிட்டார். 1909-ஐ ஒட்டி அவர் வரைந்தவற்றில் வெறும் படிகள், தூண்கள், நிழல்கள்தாம் இருக்கின்றன. ஸ்கெட்ச்அப்பில் ஒரு தொடக்க மாணவர் முதல் மாதத்தில் செய்யக்கூடியவைதாம் அவ்வளவும்.

நிறத்தில் எச்சரிக்கை தேவை. திரை தானே ஒளிர்கிறது. சாயம் பூசிய சுவர் தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. பச்சைச் சுவரில் சிவப்பு விளக்கைப் போட்டால் அழுக்குக் கருப்பாகிவிடும். கணினியில் தேர்ந்த நிறத்தை ஒரு துண்டு அட்டையில் பூசி, வண்ண விளக்கின் கீழ் பிடித்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

கணினி இருக்கும்போது அட்டை மாதிரி எதற்கு?

இயக்குநருக்காக. மடிக்கணினியைச் சுற்றி ஆறு பேர் நின்றால் ஒருவர் கையில்தான் சுட்டி இருக்கும். மற்ற ஐந்து பேரும் அவர் காட்டுவதைப் பார்ப்பார்கள். மேசைமேல் அட்டை மாதிரியை வைத்தால் ஒளியமைப்பாளர் குனிந்து பார்ப்பார், இயக்குநர் நாற்காலியை விரலால் நகர்த்துவார், நடிகர் தன் பொம்மையை வாசலில் வைத்து “நான் இங்கிருந்து வந்தால்?” என்பார். அந்த உரையாடல் திரையின் முன்னால் நடப்பதில்லை. வெள்ளை அட்டையில், நிறமில்லாமல், 1:25-இல் ஒன்றைச் செய்துவிட்டால் போதும். கணினியில் வரைந்த சுவர்களை அச்சிட்டு அட்டையில் ஒட்டி வெட்டினால் அதுவும் ஒரு நாள் வேலைதான்.

பல காட்சிகள் உள்ள நாடகத்தை மாணவர் எப்படிக் கையாள வேண்டும்?

ஒவ்வொரு காட்சிக்கும் கடைசி வரிசை நடுவிலிருந்து ஒரு படம், வரிசையாக, ஒரே தாளில். படங்களுக்கு இடையில் இருக்கும் இடைவெளியில் ‘யார் எதை எங்கே கொண்டுபோகிறார், எத்தனை விநாடி’ என்று எழுத வேண்டும். அழகான படங்களை எல்லோரும் வரைந்துவிடுவார்கள். இடைவெளியை எழுதும்போதுதான் கட்டிலை எடுத்துப் போக ஆளில்லை என்று தெரியவரும்.

செய்யறிவுக் கருவிகள் உருவாக்கும் படங்களை அனுமதிக்கலாமா?

மனநிலையைத் தேடும் கட்டத்தில் அனுமதிக்கிறேன், பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டுவதற்கு இணையாக. ஆனால் அந்தப் படத்துக்குத் தரைப்படம் கிடையாது. அதில் இருக்கும் படிக்கட்டு எங்கும் போய்ச் சேராது; சன்னல் மூன்றுக்கும் மூன்று தொலைநோக்கு. அப்படியொரு படத்தைக் கொண்டுவரும் மாணவரிடம் இதற்கு 1:50-இல் தரைப்படம் வரைந்து வா என்று சொல்லுங்கள். சிலர் மாயையிலிருந்து விடுபட்டுத் திரும்புவார்கள். சிலர் அந்தப் படத்திலிருந்தே நல்ல மேடை ஒன்றைப் பிழிந்தெடுத்து வருவார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள், மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

மெய்நிகர்க் கண்ணாடி வாங்க நிதி கேட்கலாமா?

கிடைத்தால் நல்லது. மாணவர் தன் மேடையில் நின்று பார்த்தால் அளவு உடனே உறைக்கும். ஆனால் நடிகரின் இடத்தில் நிற்கத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். இருக்கையிலும் உட்காரச் சொல்லுங்கள். நிதி கிடைக்காவிட்டால் ஒட்டுநாடா இருக்கவே இருக்கிறது.

மாணவர் இறுதியில் தச்சரிடம் என்ன கொடுக்க வேண்டும்?

தரைப்படம், நடுக்கோட்டில் வெட்டிய வெட்டுப்படம், ஒவ்வொரு சுவருக்கும் நேர்முகப் படம். பளபளக்கும் முப்பரிமாணப் படம் தச்சருக்கு உதவாது. அதைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்வார், அளவை அதிலிருந்து எடுக்க முடியாது.

அச்சிடும்போது ‘தாளுக்கு ஏற்பச் சுருக்கு’ என்ற தேர்வு இயங்கினால் 1:50 படம் 1:53 ஆகிவிடும். யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு தாளிலும் ஓர் அளவுக்கோட்டை வரைந்து வையுங்கள். படம் சுருங்கினால் அதுவும் கூடவே சுருங்கிக் காட்டிக்கொடுக்கும். அளவுகளை எண்ணாகவும் எழுத வேண்டும்.

பலகையின் அளவு தெரிந்தால் வடிவமைப்பே மாறும். 2.5 மீட்டர் உயரச் சுவர் வரைந்தால் 2440 மில்லிமீட்டர் பலகைக்கு 6 சென்டிமீட்டர் குறைகிறது. அந்த 6 சென்டிமீட்டருக்காக ஒவ்வொரு சுவரிலும் ஓர் ஒட்டு. 2.4 என்று வரைந்திருந்தால் தச்சர் வாழ்த்துவார். உயரத் தளம் போட்டால் ஏறும் படி எங்கே? 1 மீட்டர் உயரத்துக்கு 16.7 சென்டிமீட்டர் வீதம் ஆறு ஏற்றங்கள். நடுவில் ஐந்து மிதிகள், ஒவ்வொன்றும் 28 சென்டிமீட்டர். தரையில் 1.40 மீட்டர் போய்விட்டது. பார்வையாளருக்குத் தெரியாத பின்பக்கத்தில் நடிகர் இறங்கிப்போகும் படிகளை வரைந்த தொடக்க மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு கம்பீரமாக வெளியேறும் அரசர் 1 மீட்டர் பள்ளத்தில் விழுகிறார்.

செக் நாட்டு வடிவமைப்பாளர் யோசெஃப் ஸ்வோபோதாவின் பெயரை மாணவர்கள் திரைவீச்சுகளோடு சேர்த்தே கேள்விப்பட்டிருப்பார்கள். 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் பல திரைகளில் படம் வீழ்த்திய காட்சிகளால் உலகறிந்தவர். அவர் கட்டடக்கலை பயின்றவர், அதற்கு முன் தச்சுவேலை கற்றவர்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

ஒரு மாணவரின் தரைப்படத்தை இன்னொருவரிடம் கொடுத்து, வரைந்தவர் வாய் திறக்காமல், ஒட்டுநாடாவால் தரையில் போடச் சொல்லுங்கள். சரியாக வந்தால் பாதி மதிப்பெண் வந்துவிட்டது. மீதியில் பெரும்பங்கு, நான்கு இருக்கைகளிலிருந்தும் நாடகம் தெரிகிறதா என்பதற்கு. படத்தின் பளபளப்புக்கு நூற்றுக்கு ஐந்து. அதுவும் கொஞ்சம் தாராளம் என்றே நினைக்கிறேன்.

எத்தனை வாரம் ஆகும்?

வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்றால் பன்னிரண்டு வாரம். தரையில் ஒட்டுநாடாவும் கிறுக்கல்களும் இரண்டு வாரம், மேடையை அளப்பதும் ஏற்றுவதும் இரண்டு, பெட்டிகளால் காட்சியமைப்பு மூன்று, பார்வைக்கோடு ஒன்று, ஒளி ஒன்று, அட்டை மாதிரி ஒன்று, வரைபடங்கள் இரண்டு. வரைபடங்களுக்கு இரண்டு போதாது, மூன்று கேட்பார்கள். ஒளியிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

மூன்று பேருக்கு ஒரு கணினிதான் இருக்கிறது. சமாளிக்க முடியுமா?

முடியும், சில சமயம் அதுவே நல்லது. ஒருவர் சுட்டியைப் பிடிக்கட்டும், ஒருவர் அளவு நாடாவோடு தரையில் நிற்கட்டும், மூன்றாமவர் நாடகப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு “இரண்டாம் காட்சியில் கிழவி எங்கே உட்காருவாள்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். சுட்டியை விடமாட்டேன் என்று ஒருவர் அடம்பிடிப்பார். அவர் கையில் முதலில் பிரதியைக் கொடுங்கள்.